ஒரு சொல்லைக் கழற்றுதல்

வின்னிபெக். மேப்பிள்ஸ் பக்கம். கழித்தல் முப்பத்தொன்று.
மரிசெல் வீட்டு முன்னறை யன்னலை
உளி வைத்து நெம்புகிறோம்
நானும் பியார்னியும்.

வண்டியில் வரும்போதே தொடங்கிவிட்டது.
கோப்பிக் குவளையை முழங்காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு
அவன் சொன்னான்:
விண்டோ இங்கிலிசுச் சொல்லே இல்லை.
எங்கள் ஆட்கள் கப்பலேறி வந்து
அவர்களைக் கொள்ளையடித்த அவசரத்தில்
கீழே தவறவிட்டது.
விண்ட் என்றால் காற்று, அவுகா என்றால் கண்.
கண்ணாடி ஏது அப்போது?
ஒரு பொத்தல்.
காற்று அதற்குள்ளால் எட்டிப் பார்க்கும்.

இன்னும் அப்படியா சொல்கிறீர்கள், கேட்டேன்.
இல்லையாம்.
கிம்லியில் அவன் வீட்டில் மிஞ்சியிருக்கும்
ஐஸ்லாந்துப் பேச்சில் அது க்ளுக்கி.
கொடுத்தவனிடம் இல்லை,
பறிகொடுத்தவன் பத்திரமாய் வைத்திருக்கிறான்.

என் பங்குக்கு நானும் துழாவினேன்.
யன்னல், போர்த்துக்கேயன் போட்டுவிட்டுப் போனது.
அதற்கும் அடியில் ஒன்று கிடந்தது,
சாதாரணதரப் பரீட்சையில்
அரும்பதத்துக்கு இரண்டு புள்ளி வாங்கித் தந்தது:
காலதர்.
கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி.
சொல்லி முடித்ததும்
பச்சை விளக்கில் பிரேக் போட்டான் பாவி.
பின்னால் ஒரு பனிவாரி வண்டி
நீளமாக ஹோர்ன் அடித்தது.

அவனுடைய காற்றுக்குக் கண் இருக்கிறது.
எங்களுடையதற்குப் பேரே கால்.
இரண்டையும் பொருத்தினால்
ஏறக்குறைய ஓர் ஆள்.
மூக்கு மட்டும்
எங்கள் இருவருக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலோ
அந்தச் சொல்லிலிருந்து காற்றை வெளியேற்றுவது.
மூன்று கண்ணாடி, இடையில் ஆர்கன்,
ஓரமெல்லாம் நுரை, நுரையின்மேல் நாடா.
ஒரு மூச்சும் உள்ளே வராது என்று
இருபத்தைந்து வருட உத்தரவாதம்.

கடைசி ஆணி விட்டது.
சட்டகம் முனகியபடி கைக்கு வந்தது.
சுவரில்
நான்கடிக்கு மூன்றடி
ஒன்றுமில்லை.

வந்தது.
அலமாரியில் குழந்தை யேசுவின் சிவப்புப் பட்டு துடித்தது.
நாட்காட்டி மார்ச்சுக்குப் போய்விட்டு பெப்ரவரிக்குத் திரும்பியது.
பூண்டுச்சோற்றின் வாசம் எழுந்து
எங்களைத் தாண்டி வெளியே நடந்தது.

மரிசெல் இரவு வேலை முடித்துவந்த தாதிச் சட்டையோடு,
போர்வைக்குள் குழந்தையோடு நின்றாள்.
ஓட்டையைக் காட்டி அதன் காதில்
'பிந்தானா' என்றாள்.
பிந்திப்போனதற்குத்தான் தமிழில் ஏசுகிறாளாக்கும் என்று
'பத்தே நிமிஷம்' என்றேன் நான், தமிழிலேயே.

யன்னலுக்கு அவள் ஊரில் அதுதான் பெயராம்,
ஸ்பானியர் விட்டுப்போனதாம்.
பல்லால் கையுறையைக் கழற்றி
பியார்னி போனில் தேடினான்.
அதற்குள்ளும் காற்று.
இன்னொரு கப்பல், இன்னொரு கடல்,
அதே காற்று.

மூன்று பேரும் பல் கிடுகிடுக்க
இதைப் பேசிக்கொண்டு நின்றதில்
வீடு பதினொரு பாகை குளிர்ந்துவிட்டது.
எங்கள் மூன்று மொழியையும்
குழந்தை பொருட்படுத்தவில்லை.
போர்வையிலிருந்து வாயை மட்டும் நீட்டி
வந்த காற்றை
ஊ என்று திருப்பி ஊதியது.

பிறகு புதியதைத் தூக்கி வைத்தோம்.
மட்டம் பார்த்தோம். நுரை பீய்ச்சினோம்.
தெருவின் சத்தம் பாதியில் அறுந்தது.
குழந்தை கண்ணாடியில் ஊதியது.
சின்ன வட்டமாய் ஆவி படிந்து,
நல்ல கண்ணாடி என்பதால்,
உடனே அழிந்தது.

வேலைத்தாளில் எழுதினேன்:
கழற்றியது ஒன்று. பொருத்தியது ஒன்று.
காற்றுக் கசிவு இல்லை.
மரிசெல் கையெழுத்திட்டாள்.

திரும்பும் வழியில்
பழைய யன்னல் வண்டியின் பின்னால் கிடந்தது,
மூலையில் கீறல் விட்ட கண்ணாடியோடு.
சரியாக மூடாத கதவால் நுழைந்த ஏதோ ஒன்று
அந்தக் கீறலில் வாய் வைத்து
மெல்ல விசிலடித்தது.

பியார்னி ரேடியோவை அணைத்தான்.